தங்க நாட்டுக்கு ஒரு மெட்டு

ஒரு நாட்டின் பாட்டைக் கேட்டுச் சான்று கொடுக்க என்னை அனுப்பினார்கள் என்றால், அந்தப் போட்டியின் தரத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தொண்ணூறுகளின் பின்பாதி அது. சென்னையில் விளம்பரப் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டும், மற்றவர்களின் மெட்டுக்கு வாத்தியக் கோர்வை எழுதிக்கொண்டும் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். கோலாலம்பூரில் ஆண்டுதோறும் ஒரு பாட்டுப் போட்டி நடக்கும். ஆசிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டை அனுப்பும். எல்லோரும் ஒரே மேடையில் பாடுவார்கள். கடைசியில் ஒருவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அழுவார். விதி இரண்டுதான்: மெட்டு புதிதாக இருக்க வேண்டும், போட்டவர் அந்த நாட்டுக்காரராக இருக்க வேண்டும். முந்தைய ஆண்டு முதல் பரிசு வாங்கியது திருட்டு மெட்டு என்று பிறகு தெரிந்து, போட்டி நடத்துபவர்கள் பத்திரிகைகளில் நாறிப்போயிருந்தார்கள்.

மியன்மார் முதல் தடவையாகப் பாட்டு அனுப்பியிருந்தது. கிணற்றுக்குள் உட்கார்ந்து பதிவு செய்தது போல் இருந்ததாம். "நீ ரங்கூனுக்குப் போய் மெட்டு புதிதுதானா என்று பார்த்து, ஒழுங்காகப் பதிவு செய்து கொண்டு வா" என்றான் போட்டிக் குழுவில் இருந்த என் நண்பன்.

"ஏன் நான்?"

"அங்கே தமிழர்கள் நிறைய. உனக்கு மொழிப் பிரச்சினை இருக்காது."

என்னைவிட மலிவாக யாரும் கிடைக்கவில்லை என்பதை அவன் சொல்லவில்லை. பாட்டை எனக்கு ஒரு தடவை போட்டுக்காட்டவும் அவனுக்குத் தோன்றவில்லை.

ரங்கூன் விமான நிலையத்தில், தமிழில் என் பெயர் எழுதிய அட்டையை ஒரு டிரைவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் கட்டம்போட்ட கைலியுமாக ஒரு பெரியவர், வாய் நிறைய வெற்றிலை. அவர்தான் ஜமால் பாய், எனக்கு அமர்த்தியிருந்த மொழிபெயர்ப்பாளர். முன்னோர்கள் கீழக்கரைப் பக்கம். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தாமுவே சந்தையில் ஒலிநாடாக் கடை வைத்திருந்தார்.

"வாங்க சயா, வாங்க. பிளேன்ல பசியாறக் குடுத்தாங்களா? இல்லாட்டி வழியில நிறுத்தச் சொல்றேன்" என்றார். சயா என்றால் வாத்தியார். வைத்தியர், எழுத்தாளர், பெரிய மனிதர் என்று தோன்றுகிற எல்லோருமே இங்கே சயாதான். பத்து நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு டிரைவரையும் அவர் சயா என்று கூப்பிட்டார்.

வண்டியின் பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். காலடித் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. மழைத் தண்ணீர் அதன் வழியே பீய்ச்சி அடித்து என் புதுச் செருப்பை நனைத்தது. இந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலது பக்கமாக ஓடுகின்றன. வண்டிகளோ ஜப்பானில் ஓடித் தேய்ந்தவை; ஸ்டியரிங்கும் வலது பக்கம். முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமானால் டிரைவருக்கு எதிரே என்ன வருகிறதென்று தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஜமால் பாய் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, "போ, போ… வேணாம், வேணாம்!" என்று பர்மியத்தில் கத்திக்கொண்டே வந்தார். பஸ்களின் வாசல் இடது பக்கம் என்பதால் ஜனங்கள் நடுச்சாலையில் இறங்கி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நம் ஊர் டவுன் பஸ்ஸைத் திட்டியதற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"ஏன் பாய் இப்படி?"

"முன்ன இடது பக்கம் ஓட்டிக்கிட்டிருந்தோம். திடீர்னு ஒருநா வலதுன்னுட்டாங்க. வண்டியையும் மாத்துங்கன்னு சொல்லலியே, சயா."

ஓட்டல் லத்தா என்ற பகுதியில், சீனர்கள் தெருவில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர் கைக்கு எட்டியது. எங்கள் தெருவுக்கு அன்று மின்சாரம் வராத முறையாம். கடைக்குக் கடை ஒரு ஜெனரேட்டர் நடைபாதையில் நின்று புகை கக்கியது. சென்னைக் கடற்கரை ஸ்டேஷன் எதிரே, பர்மாவிலிருந்து வந்தவர்கள் வண்டிக்கடையில் நூடுல்ஸைப் பிசைந்து கொடுக்கும் அத்தோவுக்கு நான் பல வருஷ வாடிக்கை. அதன் பிறந்த ஊரிலேயே சாப்பிடலாம் என்று ஒரு கடைக்கார அம்மாளிடம், "அத்தோ" என்றேன். அந்த அம்மாள் ஏதோ திருப்பிக் கேட்டார்.

"என்னத்தைப் பிசையணும்னு கேக்குது" என்றார் ஜமால் பாய். இங்கே பிசைந்தது எல்லாவற்றுக்குமே 'அத்தோக்' என்றுதான் பெயராம். இஞ்சி, தக்காளி, நூடுல்ஸ் எதுவானாலும். எதையோ கை காட்டினேன். புளிக்கவைத்த தேயிலையை எண்ணெயும் வறுத்த பருப்பும் போட்டுப் பிசைந்து கொடுத்தார். குடிக்க வேண்டியதைத் தின்னக் கொடுக்கிறார்களே என்று எரிச்சலோடு ஆரம்பித்தேன். தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டேன் என்பதையும் நேர்மைக்காக எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை பாட்டுத் தேர்வுக் குழுவின் அலுவலகம். தலைவர் எதிலோ பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மீன் துறையோ பாசனத் துறையோ, ஜமால் பாய்க்கே நிச்சயமில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இசை வந்திருக்கிறது. பாட்டின் வார்த்தைகளும் அவருடையவை, மெட்டும் அவருடையதே. என்னை மூன்று விதமான நாற்காலிகளில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். பிறகு தலைவர் பேசினார், ஜமால் பாய் தமிழில் சொன்னார்:

"மாவ்பியில இவருக்குத் தோட்டம் இருக்கு. ஒருநா விடியக்கால வயல் வரப்புல நடந்து போனாராம். காத்து அடிச்சுதாம். அந்தக் காத்துலயே மெட்டு வந்து காதுல விழுந்துச்சாம். வீட்டுக்கு ஓடிவந்து அழுதாராம்."

தலைவர் அடக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டார். ஒலிநாடா ஓடியது. ஒரு பெண் குரல். பின்னால் முரசும் எக்காளமும். வார்த்தைகளை ஜமால் பாய் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார். தங்க நாடு, தங்க வயல், தங்கக் கோபுரம், தங்க மனசு. வரிக்கு ஒரு தங்கம். மூன்றாவது வரியில் மெட்டு எங்கேயோ கேட்டது போல் இருந்தது. ஐந்தாவது வரியில் தெரிந்துவிட்டது.

"வேட்டி வெளுக்க, வீடே சிரிக்க…"

மதுரைப் பக்கத்தில் ஒரு சொட்டு நீலக் கம்பெனிக்கு நான் போட்ட மெட்டு. சில வருஷம் ரேடியோவில் ஓடியது. வண்ணான் துறையில் துணி அடிக்கிற சத்தத்தை நான் வைத்திருந்த இடத்தில் இவர்கள் முரசு வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

"பாய், இது சொட்டு நீல விளம்பரம். நான் போட்டது. அவரிடம் சொல்லுங்கள்."

ஜமால் பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். பிறகு பர்மியத்தில் நீளமாக ஏதோ சொன்னார். தலைவர் முகம் மலர எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சொன்னீர்கள்?"

"பாட்டைக் கேட்டதும் சயாவுக்குச் சொந்த ஊரு ஞாபகம் வந்துடுச்சுன்னேன். பொய் இல்லியே?"

வெளியே வந்ததும் டீக்கடையில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டேன். குழந்தைகள் உட்காரும் உயரத்துக்கு முக்காலிகள். முழங்கால் மோவாயை இடிக்கிறது. பரிமாறுகிறவரைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தம் எழுப்புகிறார்கள். நம் ஊரில் அப்படிச் செய்தால் செருப்படி விழும். ஜமால் பாய் முத்தமிட்டுப் பால் டீ வரவழைத்தார்.

"இங்க காப்பிப் பாட்டுன்னா தப்பில்ல சயா. வெளிநாட்டு மெட்டு, நம்ம வார்த்தை. கடையில விக்கிறதுல பாதிக்கு மேல அதுதான். யாரும் ஒளிக்க மாட்டாங்க."

"இந்தத் தலைவர் ஒளிக்கிறாரே. காற்றிலிருந்து எடுத்தேன் என்கிறாரே!"

"அவருக்கு மெட்டு போட வராது. கோ தெட்னு ஒரு கித்தார்க்காரன் இருக்கான், அவன்கிட்ட வெள்ளிக்கெழமைக்குள்ள ஒண்ணு வேணும்னு உத்தரவு. அவன் பயந்துபோயி எங்கிட்ட வந்தான். சிலோன் ரேடியோவுல புடிச்ச கேசட்டு ஒண்ணு குடுத்தேன். சினிமாப் பாட்டை எடுத்தா தமிழாளுங்க கண்டுபுடிச்சுருவாங்க, நடுவுல வர்ற விளம்பரம் யாருக்குத் தெரியப்போவுதுன்னு அதை எடுத்துட்டான்." பெருமூச்சு விட்டார். "அதைப் போட்டவரே வந்து எறங்குவாருன்னு யாரு கண்டா?"

அறைக்குத் திரும்பி, திருட்டு மெட்டு, ஏற்க முடியாது என்று தகவல் அனுப்பிவிட்டு அடுத்த விமானத்தைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். அன்று மாலையே ஜமால் பாய் வந்து, "போறதுதான் போறீங்க, பாடுறவளையும் ஒருதரம் பாத்துட்டுப் போங்க" என்று ஒரு பீர்க் கடைக்கு அழைத்துப்போனார்.

திறந்த வெளி, ஒரு மூலையில் மேடை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து பாடுகிறார்கள். குடிப்பவர்கள் கடையிலேயே காகிதப் பூமாலை வாங்கி, பிடித்த பாடகியின் கழுத்தில் போடச் சொல்லி அனுப்புகிறார்கள். மாலை போட்டவர் பக்கம் பார்த்து அவள் சிரிக்க வேண்டும். பாட்டை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. நம் ஊர்க் கல்யாணக் கச்சேரியில் சாப்பிடப் போவதற்கு முன்பாவது நாலு பேர் உட்கார்ந்து கேட்பார்கள்.

தங்க நாட்டின் குரல் நாலாவதாக வந்தது. முகத்தில் சுண்ணாம்பு அடித்தது போலப் பவுடர். எக்கோவை ஏகத்துக்கும் கூட்டிவைத்திருந்தார்கள். மைக்கில் வந்தது அவள் குரலா, குளியலறையின் குரலா என்று பிரிக்க முடியவில்லை. இதற்குப் போய் ஒரு மாலை வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. மேடையில் எல்லாம் நின்றது. அவள் மட்டும் நிறுத்தவில்லை. மைக் இல்லாமல், தாளமில்லாமல், கித்தார் ஒன்றோடு பாட்டை அதன் போக்கில் கொண்டுபோனாள். தட்டுகளின் சத்தத்துக்கு நடுவே கடைசி மேசை வரை கேட்டது. நான் கரண்டியைக் கீழே வைத்தேன். ஜெனரேட்டரை முடுக்கியதும் விளக்கு வந்தது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். குளியலறை திரும்பிவிட்டது.

பாடி முடித்து எங்கள் மேசைக்கு வந்தாள். முப்பதை நெருங்கும் வயது.

"வணக்கம் சயா. வீட்டுல எம்பேரு சாந்தா. மேடைக்கு மா சன்டா. தமிழு கேட்டா விளங்கும். பேசத்தான் கொஞ்சம் தடுமாறும்."

பின்னால் கித்தாரோடு நின்ற கோ தெட், நான் நிமிர்ந்து பார்த்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நான் யார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலை ஓட்டலுக்குப் பக்கத்தில் மொஹிங்கா சாப்பிட உட்கார்ந்தேன். மீன் குழம்பில் நூடுல்ஸும் வாழைத்தண்டும். சென்னையில் இதற்கு மொய்ங்கா என்று பெயர் வைத்து, மீனையே எடுத்துவிட்டார்கள். சாந்தா தனியாக வந்து எதிர் முக்காலியில் உட்கார்ந்தாள். பவுடர் இல்லாத முகம் நம் ஊர் முகமாக இருந்தது.

"சயா, பாட்டு வேணாம்னு எழுதிடுவீங்களாமே?"

"எழுதத்தானே வேண்டும்? திருடின மெட்டு."

"நான் திருட இல்லியே."

நான் பேச்சை மாற்றினேன். "அங்கே போய் என்னத்தைக் காணப் போகிறாய்? ஒரு மேடை, நாலு கலர் விளக்கு, உங்கள் தலைவரைப் போலவே ஊருக்கொரு தலைவர். இந்தப் போட்டியில் ஜெயித்தவர்கள் யாருமே உருப்பட்டதில்லை."

"ஜெயிக்க வேணாம். போவணும்." குரலைத் தாழ்த்தினாள். பர்மியர்கள் நிறைந்த அந்தக் கடையில் அவளுக்குத் தமிழ்தான் கதவு சாத்திய அறை. "அவரு அங்க இருக்காரு. கோலாலம்பூர் பக்கத்துல கிளாங்ல, கோழி வெட்டுற கடையில. எல்லை தாண்டிப் போனவரு, திரும்பி வந்தா புடிச்சு உள்ள போட்டுருவாங்க. கலியாணம் ஆயி ஒரு மழைக்காலந்தான் கூட இருந்தோம். எனக்குப் பாஸ்போட்டு யாரு குடுப்பா? இந்தப் பாட்டுக்குத்தான் குடுக்கறேன்னு சொல்லிருக்காங்க."

"வீட்டில்?"

"அப்பாவும் அம்மாவும் தவறிட்டாங்க. யாரும் இல்ல."

"போனால் திரும்பி வருவாயா?"

அவள் என் கிண்ணத்தைப் பார்த்தாள். "மொஹிங்கா ஆறிப்போவுது, சாப்பிடுங்க சயா."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பாட்டைச் சோதிக்க வந்தவனை ஆள் கடத்த வைக்கிறார்களே என்று. தாமுவேக்குப் போய், கடையைத் திறந்துகொண்டிருந்த ஜமால் பாயைக் கேட்டேன்: "அவள் எதற்குப் போகிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தமிழு அவ்வளவா விளங்காது, சயா" என்றார், அப்பழுக்கற்ற தமிழில்.

கடை முன்னால் மழைக்கு ஒதுங்கி நின்று யோசித்தேன். இரக்கப்பட்டு முடிவெடுத்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அதுவும் கொஞ்சம் இருந்தது. ஆனால் என்னைக் கிளப்பியது தலைவரின் வரப்பு உலாதான். என் சொட்டு நீலத்தைக் காதில் வாங்கி அழுதாராமே, அந்த ஆளுக்கு உண்மையிலேயே காது இருக்கிறதா என்று பார்த்துவிட எனக்கு ஆசை வந்தது.

"பாய், பாட்டை இங்கே யார் பார்த்து அனுமதிப்பார்கள்?"

"தணிக்கை ஆபீஸ்ல வார்த்தையை எழுதிக் குடுத்தா முத்திரை குத்திக் குடுப்பாங்க. தங்கப் பாட்டுக்கு ஏற்கெனவே குத்தியாச்சு. ஒரு எழுத்து மாத்த முடியாது."

"மெட்டுக்கு?"

"மெட்டுல எங்க குத்துறது?"

"அப்படியானால் வார்த்தை அப்படியே இருக்கட்டும். மெட்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு வேறு வைப்போம்."

வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "தலைவரு கண்டுபுடிச்சுட்டா?"

"கண்டுபிடித்தால் அவர் காலில் விழுகிறேன்."

தாமுவேயில் அரிசிக் கடைக்கு மேலே ஒரு பதிவுக்கூடம். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது. கோ தெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முப்பது வயசு இருக்கும், ஒல்லி. என்னைக் கண்டதும் இரண்டு கையும் கூப்பிவிட்டார். திட்டுவதற்கு நல்ல நல்ல வார்த்தையாக வழி நெடுகச் சேகரித்து வந்திருந்தேன். அந்தக் கைகளைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

"நீங்களே போட்ட மெட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்."

ஜமால் பாய் கேட்டார். "இருக்காம். ஓன் டியூனை, அதான் சொந்த மெட்டை, யாரும் கேக்க மாட்டாங்க, அதனால வாசிக்கிறதில்லையாம்."

"நான் கேட்கிறேன்."

முதலில் வாசித்தது கேட்கத் தகுதியற்றது. இரண்டாவது அதற்குத் தங்கை. யாரும் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது என்று நான் மணியைப் பார்த்தேன். மூன்றாவதை அவர் தரையைப் பார்த்துக்கொண்டே தொடங்கினார். மெதுவான மெட்டு. மேலே போகும் என்று நாம் எதிர்பார்க்கிற இடத்தில் போகாமல் நின்று, யாரையோ திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு போனது. நல்ல மெட்டைக் கேட்டால் எனக்கு முதலில் வருவது பொறாமை. அது வந்தது.

சாந்தா தங்கப் பாட்டின் வார்த்தைகளை அதில் வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. இங்கே ஒரு எழுத்தை இழுத்து, அங்கே ஒரு மூச்சு விட்டு, மத்தியானம் வரை மல்லுக்கட்டினோம். தகர டப்பாவாக இருந்த வரிகள் மெல்ல அடங்கின. தங்க வயல், தங்கக் கோபுரம் என்று அவள் நிதானமாகப் பாடியபோது, விட்டுப்போன வீட்டின் சாமான்களை ஒருத்தி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. தலைவர் இந்த மாதிரி எதையும் எழுதவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும்.

பதிவு செய்ததை ஒரு தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். மின்சாரம் இருந்தால் கீழே அரிசி மூட்டை இறக்குவார்கள். மூட்டை இறக்கி முடித்தால் மின்சாரம் போகும். ஜெனரேட்டர் போட்டால் அதன் உறுமல் உள்ளே வரும். எல்லாம் சரியாக வந்தபோது தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் அங்கேயே கிடந்தோம். ஜமால் பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. கோ தெட் ஒரு தடவைதான் வாயைத் திறந்து ஒன்று கேட்டார்: என் பெயரை எங்கேயும் போடாதீர்கள். பெயர் வந்தால் யார் நீ, எங்கே இருந்தாய், யாரோடு பேசினாய் என்று கேள்வி வருமாம். அதனால் போட்டிக்கான தாள்களில் மெட்டு போட்டவர் தலைவர் என்றே விட்டுவிட்டோம்.

கடைசி நாள், பதிவைத் தலைவருக்குப் போட்டுக்காட்ட மாவ்பிக்குப் போனோம். பாதி வழியில் வண்டி நின்றது. டிரைவர் இறங்கி எஞ்சினுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க, நானும் ஜமால் பாயும் சாந்தாவும் சேற்றில் தள்ளினோம். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த மாட்டு வண்டிக்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போகையில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"மாடு வாங்கிக்கச் சொல்றாரு" என்றார் ஜமால் பாய்.

தலைவரின் தோட்டத்தில் வரப்பு இருந்தது. அதில் நடக்கிறவர் மாதிரி அவர் தெரியவில்லை. எண்ணெயில் மிதந்த கோழிக் குழம்போடு சோறு போட்டார்கள். பிறகு தன் காரிலிருந்த டேப்பில்தான் சத்தம் நன்றாக இருக்கும் என்று எல்லோரையும் அங்கே கூட்டிப்போனார். ஓட்டுநர் இருக்கையில் அவர் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் வெளியே நின்றோம். பாட்டு தொடங்கியது. கார்க் கதவில் விரலால் தாளம் போட்டார், தப்புத் தப்பாக. சாந்தா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் அவர் முகம் சுருங்கியது. பொத்தானை அமுக்கி நிறுத்தினார். என்னையே பார்த்தார்.

ஜமால் பாய் மொழிபெயர்த்தார்: "முரசு பத்தாதுங்கிறாரு. இவரு மெட்டுல முரசு நல்லாக் கேக்குமாம்."

"கோலாலம்பூரில் பெரிய முரசு வைப்பார்கள் என்று சொல்லுங்கள்."

திருப்தியாகத் தலையாட்டி மறுபடி ஓடவிட்டார். தேநீர்த் தட்டோடு வந்து நின்றிருந்த அவர் மனைவி மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கணவரிடம் ஏதோ சொன்னார். இது வேற பாட்டு மாதிரி இருக்கே என்றாராம். உனக்கென்ன தெரியும், இது என் பாட்டு என்றாராம் அவர். அந்த அம்மாள் எங்கள் நாலு பேரையும் நிதானமாக ஒரு பார்வை பார்த்தார். தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சேற்று வண்டியில் திரும்பும்போது சாந்தா சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் அழுதாள்.

போட்டியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கோலாலம்பூரில் பெரிய மண்டபம், புகை கக்கும் மேடை, பல்லைக் காட்டும் அறிவிப்பாளர்கள். எம்பிக் குதித்து இரைந்த ஒரு பாட்டுக்கு முதல் பரிசு. சாந்தா பாடியபோது என் பக்கத்தில் இருந்த நடுவர் ஒருவர் மிட்டாய் உறை பிரித்துக்கொண்டிருந்தார். கடைசிக்கு முந்தைய இடம் கிடைத்தது. அதற்கும் தலைவர் எழுந்து நின்று எல்லாத் திசைக்கும் கும்பிட்டார்.

மறுநாள் காலை ஓட்டல் கூடத்தில் ஒரே அமளி. சாந்தாவின் அறையில் மேடைப் பாவாடை மட்டும் மடித்து வைத்திருந்ததாம். மியன்மார் தூதரகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். இவளைத் தேர்ந்தெடுத்தது யார், பாட்டு யாருடையது என்று தலைவரைத் துருவினார்கள். முந்தின இரவு வரை காற்றிலிருந்து மெட்டுப் பிடித்தவர் என்னை நோக்கிக் கையை நீட்டினார். ஆங்கிலத்திலேயே கத்தினார்: இந்தப் பாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, எல்லாம் இந்த இந்தியாக்காரன் வந்து செய்தது, மெட்டே அவனுடையது! நான் அறிந்தவரை அவர் வாயிலிருந்து வந்த முதல் பாதி உண்மை அது.

தூதரகத்துக்காரர் என் பக்கம் திரும்பினார். "மெட்டு உங்களுடையதா?"

இல்லை என்றால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வி எந்தக் கித்தார்க்காரரின் வாசலில் போய் நிற்கும் என்பதும் தெரியும். ஒலிநாடா கொடுத்த கடைக்கும் போகும்.

"ஆமாம், என்னுடையது" என்றேன்.

போட்டவர் அந்நாட்டுக்காரர் இல்லை என்பதால் விதிப்படி பாட்டை நீக்கிவிட்டார்கள். அந்த ஆண்டு மியன்மார் கலந்துகொள்ளவே இல்லை என்றுதான் இப்போது சொல்கிறார்கள். என் நண்பன் அதன்பிறகு என்னைக் கூப்பிடவில்லை. மறுபடி ரங்கூன் போக எனக்கு விசாவும் கிடைக்கவில்லை. சாந்தாவை நான் பார்க்கவில்லை. கிளாங்கிலிருந்து ஒருவர் என் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, "கோழிக்கடைக்குச் சரக்கு வந்து சேந்துடுச்சு, சயா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து ஜமால் பாய் எங்கிருந்தோ பேசினார். லைன் கரகரத்தது.

"சயா, நம்ம மெட்டு இங்க டீக்கடைக்கு டீக்கடை ஓடுது. தங்கத்தைத் தூக்கிப் போட்டுட்டு காதல் வார்த்தை வச்சு வேற ஒருத்தன் பாடிருக்கான். கேசட்டு கையில நிக்க மாட்டேங்குது. இது தமிழ்ப் பாட்டோட காப்பின்னு ஊரே பேசிக்கிது."

"கோ தெட் என்ன சொல்கிறார்?"

"அவனும் அதையேதான் சொல்றான். மெட்ராஸ்காரர் ஒருத்தர் போட்டதுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கன்னு. பீர்க் கடையில தெனமும் அதைக் கேட்டு வாங்குறாங்க. மாலையா விழுது. அவன் கழுத்துல இல்ல, பாடுறவ கழுத்துல."

"அவருக்கு வருத்தமில்லையா?"

வெற்றிலை மெல்லும் சத்தம் கேட்டது.

"தெரியல சயா. ஆனா வாசிக்கிறப்போ இப்பல்லாம் தலையை நிமுத்தி வாசிக்கிறான்."